ரேஞ்சுக்கும் மலைக்கும் ஒரே ஸ்பாட்டிங் ஸ்கோப்: எதை வாங்குவது?

துப்பாக்கி சுடப் பழகுகிற ரேஞ்சுக்கும் மலை வேட்டைக்கும் சேர்த்து ஒரே ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஸ்டாண்டில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி) போதுமா என்பதுதான் இதில் இறங்குகிற எல்லோருடைய முதல் கேள்வி. போதும். ஆனால் ஒரு வேலைக்கு நல்லதாக இருப்பது இன்னொன்றுக்குத் தொல்லையாகிவிடும். ரேஞ்சில் எடை ஒரு பொருட்டே இல்லை, கார் டிக்கியிலிருந்து எடுத்து பெஞ்ச் பக்கத்தில் நிறுத்தினால் முடிந்தது, இரண்டு கிலோ இருந்தால் இன்னும் நல்லதுதான், காற்றுக்கு ஆடாது. கொலராடோவில் 10,000 அடி உயரத்தில் கூடாரம், தண்ணீர், துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறவனுக்கு அதே இரண்டு கிலோ பெரும் பாரம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் ஒன்றுதான் என்றால் மலையை மனதில் வைத்து வாங்குங்கள். ரேஞ்சில் ஸ்கோப் கொஞ்சம் குறைபட்டால் சமாளிக்க எத்தனையோ வழி இருக்கிறது, மலையில் கையில் இருப்பதுதான் கதி.

நான் பேசுவது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களை வைத்து. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை, அது தெரிந்த கதை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ரேஞ்ச் பற்றிய பகுதி உதவும், வேடந்தாங்கலில் கூழைக்கடா பார்க்கப் போகிறவர்களுக்கு மலை பற்றிய பகுதியில் பாதி அப்படியே பொருந்தும். அப்புறம், அமெரிக்காவில் எச்-1பி மாதிரியான வேலை விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியேற்றம் சாராத இப்படிப்பட்ட தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. ஸ்கோப் பார்க்கப் போகும் முன் அந்தக் கதையை முடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 20-60×85 என்று போட்டிருக்கும். 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 85 மில்லிமீட்டர். விளம்பரமெல்லாம் அந்த 60ஐச் சுற்றித்தான் இருக்கும், நம்மாட்களும் "60 மடங்கா, இல்லை 48தானா?" என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது விட்டத்தை மடங்கால் வகுத்தால் வருகிற எண்ணை, அதாவது கண்ணுக்கு வந்து சேர்கிற ஒளிக்கற்றையின் அகலத்தை. 85ஐ 20ஆல் வகுத்தால் 4.25 மி.மீ., படம் வெளிச்சமாக இருக்கும். அதே ஸ்கோப்பை 60க்குத் திருகினால் 1.4 மி.மீ.தான். நல்ல பகலில் நம் கண்ணின் பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத்தான் திறந்திருக்கும் என்பதால் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்தி மங்கலில் பாவை ஐந்து ஆறு வரை விரியும்போது 1.4 என்பது இருட்டுதான். வேட்டைக்காரனுக்கு மிருகம் கண்ணில் படுவதோ பெரும்பாலும் அந்த மங்கல் நேரத்தில். கொலராடோவில் பெரிய விலங்குகளைச் சுடச் சட்டப்படி அனுமதித்த நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்து அரை மணி கழித்து முடிகிறது. அந்த இரண்டு அரை மணிகளில் 60 மடங்கைத் தொடவே மாட்டீர்கள்.

65 மி.மீ. ஸ்கோப்பை எடுத்துக்கொண்டால் 16 மடங்கில் 4 மி.மீ. வருகிறது, 85 மி.மீ. ஸ்கோப் 20 மடங்கில் தருவதற்கு ஏறக்குறைய சமம். குறைந்த மடங்கில் பார்க்கிறவரை பெரிய ஸ்கோப்புக்குப் போட்ட கூடுதல் காசும் எடையும் அவ்வளவாக வேலை செய்வதில்லை. 40 மடங்குக்கு மேல் போகும்போதுதான் 85 தன் பலத்தைக் காட்டும்.

சரி, ரேஞ்சுக்கு வருவோம். .22 தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ., .308 என்றால் 7.8 மி.மீ. காகிதத்தில் விழுகிற துளை இதைவிடச் சற்றுச் சிறியதாகத்தான் தெரியும், ஏனென்றால் காகித நார் கொஞ்சம் மூடிக்கொள்ளும். வெள்ளைப் பகுதியில் விழுந்த துளை எந்த ஸ்கோப்பிலும் தெரிந்துவிடும், வம்பெல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த துளையோடுதான். 100 யார்டில் .22 துளையை 20 மடங்கில் ஒழுங்காகப் பார்த்துவிடலாம். அதே அளவில் தெரிய 200 யார்டில் 40 மடங்கும் 300 யார்டில் 60 மடங்கும் வேண்டும் என்று கணக்கு சொல்லும். கணக்கு சரிதான், ஆனால் நடுவில் காற்று இருக்கிறதே. வெயில் ஏறி மண் சூடானபின் 300 யார்டில் 60 மடங்கு போட்டுப் பாருங்கள், டார்கெட் முழுதும் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும், துளையும் வளையமும் ஒன்றாகக் கலங்கும். அப்போது மடங்கைக் கூட்டினால் நெளிவும் சேர்ந்துதான் பெரிதாகிறது. மூவாயிரம் டாலர் ஸ்கோப்பும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கோடைக் காலத்தில் காலை எட்டு மணிக்கு முன் தெரிகிற துளை பதினோரு மணிக்குத் தெரியாது என்பதற்கு இதுதான் காரணம், ஸ்கோப்பைத் திட்டிப் பயனில்லை.

அந்த நெளிவை, அதாவது கானலை, தேடிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். 600, 1000 யார்டு போட்டிகளில் சுடுகிறவர்கள் துளை பார்க்க ஸ்கோப் வைப்பதில்லை, அந்தத் தூரத்தில் டார்கெட் குழியில் இருப்பவர்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் அட்டையை இறக்கி, விழுந்த இடத்தில் குறி வைத்து ஏற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கும். ஸ்கோப் காற்றைப் படிப்பதற்கு. டார்கெட்டில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தைத் துளி நம் பக்கமாகத் திருப்பினால் டார்கெட் லேசாக மங்கி, நடு வழியில் ஓடுகிற கானல் தெளிவாகும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்று அந்தப் பக்கம், சாய்வு கூடக் கூட வேகமும் கூடுகிறது, நேராகக் கொதித்து மேலே எழும்பினால் காற்று நின்றிருக்கிறது அல்லது நேர் எதிரே, நேர் பின்னே வீசுகிறது. படுத்துச் சுடுகிற வலது கைக்காரர் ஸ்கோப்பை இடது பக்கம், தாழ்ந்த ஸ்டாண்டில், தலையைத் தூக்காமல் இடது கண் போய்ச் சேருகிற இடத்தில் வைத்துக்கொள்வார். இதற்கு 25, 30 மடங்கு தாராளம். இந்த வகைச் சுடுதலுக்கு மட்டும்தான் வாங்குகிறீர்கள் என்றால் கேள்வி சுலபம்: 80 மி.மீ.க்கு மேல் பெரிய லென்ஸ், சாய்ந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற பகுதி), ஜூம் இல்லாத அகலக் காட்சி ஐபீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. எடையைப் பற்றி மறந்துவிடலாம்.

வாரக் கடைசியில் 100, 200 யார்டில் சுடுகிற சாதாரண ஆளுக்கு ஸ்கோப்புக்கு மாற்றே இருக்கிறது. பட்ட இடத்தில் பளிச்சென்று மஞ்சள் வட்டம் தெரிகிற ஒட்டு டார்கெட் வாங்கி ஒட்டினால் துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப்பிலேயே தெரிந்துவிடும். வைஃபை டார்கெட் கேமரா ஒன்றை டார்கெட் பக்கத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு துளையும் போன் திரையில் வந்து நிற்கும், கானலாவது ஒன்றாவது. ரேஞ்சுக்கு மட்டும், அதுவும் 300 யார்டுக்கு மேல், துளை எண்ணுவதற்கு மட்டும் என்றால் நான் ஸ்கோப்பைவிடக் கேமராவைத்தான் சொல்வேன். மலிவான இன்னொரு வழி செலஸ்ட்ரான் சி90 என்கிற கண்ணாடி-லென்ஸ் கலந்த குட்டித் தொலைநோக்கி: 90 மி.மீ. விட்டம், 1250 மி.மீ. குவியத் தூரம், கூட வருகிற 32 மி.மீ. ஐபீஸில் 39 மடங்கு. காலையில் துளை பார்க்க அந்த விலைக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் வீட்டுச் சூட்டிலிருந்து குளிருக்குக் கொண்டுவந்தால் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பார்வைப் பரப்பு குறுகல், மழையில் நனைய விடக்கூடாது. மலைக்கு எடுத்துப் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஊரில் ஏர் ரைபிள் சுடுகிறவர்களுக்கு ஒரு வரி: 10 மீட்டரில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி, எலக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் மானிட்டரே எல்லாம் சொல்லிவிடும், ஸ்கோப்புக்குக் காசு போடாதீர்கள். 50 மீட்டரில் அது 10.4 மி.மீ., காகித டார்கெட்டாக இருந்தால் 20, 25 மடங்கு கொடுக்கிற சாதாரண 60 மி.மீ. ஸ்கோப்பே போதும்.

இனி மலை. வேட்டையில் மிருகத்தைக் கண்டுபிடிப்பது பைனாகுலர், அது என்னவென்று முடிவு செய்வது ஸ்கோப். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் ஸ்கோப்பை வைத்து மலைச்சரிவு முழுவதையும் துழாவிக் கண் வலி வாங்கிக்கொள்கிறார்கள். 10×42 பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டி உட்கார்ந்து மெதுவாகத் தேட வேண்டும், ஏதோ ஒரு பழுப்பு நிறத் துண்டு கண்ணில் பட்டால் அப்போது ஸ்கோப். எதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்கு உதாரணம் சொல்கிறேன். கொலராடோவின் பல பகுதிகளில் எல்க் என்கிற பெரிய மானில் ஆணைச் சுட வேண்டுமென்றால் ஒரு பக்கக் கொம்பிலாவது நாலு கிளை இருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். மூன்றா நாலா என்பது ஒரு மைல் தூரத்தில், மரக்கிளைகளுக்கு நடுவே, தலையை ஆட்டிக்கொண்டு மேய்கிற எல்க்கின் மேல் எண்ண வேண்டிய விஷயம். தப்பாக எண்ணினால் அபராதம், உரிமம் பறிபோவது என்று போகும்.

அலாஸ்காவில் டால் என்கிற காட்டுச் செம்மறி ஆட்டுக்கு இன்னும் கடுமை. கடாவின் கொம்பு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பு நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும். வயதை எப்படித் தெரிந்துகொள்வது? கொம்பில் ஆண்டுக்கு ஒன்றாக விழுகிற வளையங்களை எண்ணித்தான். குளிர்காலத்தில் கொம்பு வளர்ச்சி நின்று, வசந்தத்தில் மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு கறுத்த பள்ளம் விழும், அதுதான் வளையம். அதற்கு நடுவே ஒப்புக்கு ஓடுகிற மேடு பள்ளங்கள் வேறு, அவற்றை வளையம் என்று எண்ணிவிட்டால் ஏழு வயது ஆடு எட்டாகிவிடும். பக்கவாட்டு வெயிலில், ஆடு படுத்திருக்கும்போது, பொறுமையாக 40, 45 மடங்கில் பார்த்தால்தான் பள்ளத்தின் நிழல் பிரிந்து தெரியும். பலர் போனை ஐபீஸில் மாட்டிப் படமெடுத்து, பாறைக்குப் பின்னால் இறங்கி உட்கார்ந்து, படத்தில் எண்ணுகிறார்கள். ஸ்கோப்பின் தரத்துக்குக் காசு போடுவதில் அர்த்தம் இருக்கிற இடம் இதுதான்.

டெக்சஸில் மறைவிடத்தில் உட்கார்ந்து 100 யார்டில் தீவனத்துக்கு வருகிற வெள்ளைவால் மானைச் சுடுகிறவருக்கும், கிழக்கு மாநிலக் காட்டுக்குள் 60 யார்டுக்கு மேல் எதுவுமே தெரியாத இடத்தில் வேட்டையாடுகிறவருக்கும் இந்தச் சாமானே தேவையில்லை. அந்தக் காசில் நல்ல பைனாகுலர் வாங்கட்டும். யாராக இருந்தாலும் ஒன்று மட்டும் செய்யக்கூடாது, துப்பாக்கியின் ஸ்கோப்பை வைத்து "அது என்ன?" என்று பார்ப்பது. அது மனிதனாக இருந்தால் அந்த நொடியில் நீங்கள் ஒரு மனிதனைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சாய்ந்ததா நேரானதா என்று அடுத்த சண்டை. ஐபீஸ் 45 பாகை சாய்ந்திருந்தால் ட்ரைபாடைத் தாழ்வாக வைக்கலாம், தாழ்ந்தால் ஆட்டம் குறையும், மலையில் மேல் நோக்கிப் பார்க்கும்போது கழுத்து நோகாது, ஆறடி நண்பரும் ஐந்தடி மனைவியும் ட்ரைபாடை ஏற்றி இறக்காமல் மாறி மாறிப் பார்க்கலாம். நேர் ஸ்கோப்பில் கண் பார்க்கிற திசையிலேயே குழலும் இருப்பதால் மிருகத்தைச் சட்டென்று பிடிக்கலாம், கார் ஜன்னலில் மாட்டிப் பார்க்க அதுதான் வசதி, உச்சியிலிருந்து கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கிறவர்களுக்கும் அதுவே. சாய்ந்ததில் இலக்கைப் பிடிக்க முதல் சில நாட்கள் தடுமாறும், பிறகு கை பழகிவிடும். இரண்டு வேலைக்கும் ஒன்று என்றால் சாய்ந்ததை வாங்குங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜீப்பை விட்டு இறங்காமல் சமவெளியில் ப்ராங்ஹார்ன் என்கிற மான் போன்ற விலங்கைத் தேடுகிறவர் மட்டும் நேரானதை வாங்கிக்கொள்ளலாம்.

கண்ணாடித் தரத்தில் "எச்டி" என்கிற ஒட்டு லேபிளை நம்பாதீர்கள், அதற்கு நிலையான வரையறை எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நிறச் சிதறலைக் குறைக்கிற ஈடி கண்ணாடியோ ஃப்ளோரைட் படிகமோ இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண லென்ஸில் வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு இடத்தில் குவிவதால், வெள்ளை வானத்தின் பின்னணியில் நிற்கிற கொம்பின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கோடு ஓடும். 20 மடங்கில் அது ஒன்றும் செய்யாது, 45இல் கொம்பு நுனியைத் தின்றுவிடும்.

விலைக்கு வருவோம். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 200 டாலர் பக்கத்தில் செலஸ்ட்ரான் அல்டிமா 80 மாதிரியானவை: 100 யார்டு ரேஞ்சுக்குச் சரி, 40 மடங்குக்கு மேல் படம் பஞ்சாகிவிடும், மலைக்கு வேண்டாம். 500 டாலருக்கு முன்பின் வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்டி, 16-48×65 என்றும் 20-60×85 என்றும் வருகிறது. முதல் ஸ்கோப் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் அந்த 65ஐத்தான் கைகாட்டுவேன். 85ஐவிட இலகு, மங்கலிலும் பரவாயில்லை, 200 யார்டில் .308 துளை தெரியும், வாங்கிய ரசீது இல்லாமலும் கைமாறினாலும் அந்தக் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கிறது என்பதால் பழையதாகக் கிடைத்தாலும் துணிந்து வாங்கலாம். ஆயிரம் டாலரைத் தாண்டினால் அதே கம்பெனியின் ரேசர் எச்டி, 22-48×65, 27-60×85. கண்ணாடி நிஜமாகவே ஒரு படி மேலே, 85 ரேஞ்சில் அருமை, ஆனால் 27இல் தொடங்குகிற ஸ்கோப்பில் மிருகத்தைப் பிடிப்பது கடினம். பழையதாக லூப்போல்ட் கோல்ட் ரிங் 12-40×60 கிடைத்தால் விடாதீர்கள், மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் தாராளமான கண் தூரம் (முழுப் படமும் தெரிய ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே விடக்கூடிய இடைவெளி) பெரிய வசதி.

அதற்கும் மேலே கோவாவும் ஸ்வரோவ்ஸ்கியும். கோவா டிஎஸ்என்-55 வரிசை எனக்குப் பிடித்த விசித்திரம்: 55 மி.மீ. ஃப்ளோரைட் லென்ஸ், 15-45 மடங்கு, எடை ஏறத்தாழ 800 கிராம்தான், கொம்பு வளையம் எண்ணுகிறவன் முதுகுக்கு இதைவிட நல்லது செய்கிற ஸ்கோப் குறைவு. கோவா டிஎஸ்என்-88 அதன் பெரிய அண்ணன், ரேஞ்சிலும் பறவைக்காரர்களிடமும் மதிப்பு அதிகம், தூக்கிக்கொண்டு ஏறத்தான் தெம்பு வேண்டும். ஸ்வரோவ்ஸ்கி ஏடிஎக்ஸில் ஐபீஸ் தனி, முன் பகுதி தனி. இன்று 65 வாங்கி, பிறகு ரேஞ்சுக்கென்று 85 முன் பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வேலைக்கும் ஒரே ஸ்கோப் என்ற சிக்கலுக்கு உண்மையில் பதில் சொல்கிற வடிவமைப்பு அது ஒன்றுதான், ஆனால் அந்தப் பதிலுக்கு அவர்கள் கேட்கிற விலையில் நல்ல துப்பாக்கியும் இன்னொரு ஸ்கோப்பும் வாங்கிவிடலாம்.

இத்தனையும் யோசித்து வாங்கிவிட்டு, கூட இலவசமாக வந்த மேஜை ட்ரைபாடில் வைக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெஞ்சில் வைத்தால் பக்கத்து ஆள் சுடும்போதெல்லாம் படம் குதிக்கும். ஸ்கோப்புக்கு 500 என்றால் ட்ரைபாடுக்கும் அதன் தலைக்கும் 200ஆவது ஒதுக்குங்கள். தலை எண்ணெய்த் தடையோடு மெதுவாக நகர்கிற ஃப்ளூயிட் வகையாக இருக்க வேண்டும், பந்துத் தலை வேண்டாம், ஸ்கோப் முன் பாரம் தாங்காமல் மூக்குக் குப்புறச் சாயும். நடுக்கம்பை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள், மலையில் பையை நடுவில் தொங்கவிட்டால் காற்றுக்கு நிற்கும். நடுங்குகிற ட்ரைபாடில் இருக்கிற ஸ்வரோவ்ஸ்கியைவிட நல்ல ட்ரைபாடில் இருக்கிற டைமண்ட்பேக்கில் கொம்பு தெளிவாகத் தெரியும்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண் தூரம் 16 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். கையுறையோடு ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பாருங்கள், கடுங்குளிரில் கிரீஸ் இறுகிக்கொண்டு திரும்ப மறுக்கிறவை உண்டு.

வாங்கிய கையோடு ஒரு வேலை. ஒரே மாடலிலேயே ஒன்று நன்றாகவும் இன்னொன்று சொதப்பலாகவும் வருவது இந்தத் தொழிலில் சகஜம், விலை குறைந்தவற்றில் அதிகம். திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் ஓர் இரவு ஸ்கோப்பை வெளியே அரை மணி நேரம் குளிரவிட்டு, தலைக்கு மேலே உயரத்தில் இருக்கிற ஒரு நட்சத்திரத்தை முழு மடங்கில் பாருங்கள். ஃபோகஸில் அது சுத்தமான புள்ளியாக வர வேண்டும். ஃபோகஸை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினால் ஒரு வட்டமாக விரியும், அந்தப் பக்கம் தள்ளினாலும் அதே மாதிரி வட்டமாக விரிய வேண்டும். ஒரு பக்கம் நீள்வட்டமாகி, மறு பக்கம் அது குறுக்கே திரும்பினாலோ, ஃபோகஸிலேயே புள்ளிக்கு வால் முளைத்தாலோ லென்ஸ் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று கேளுங்கள்.